மாமியாருக்குக் கிறிஸ்துமஸ் சேலை எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

மாமியாருக்குக் கிறிஸ்துமஸ் சேலை எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து நவம்பரிலேயே கடைக்குப் போய்விடுங்கள். டிசம்பர் 20-க்கு மேல் எடுத்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் பண்டிகை அன்று அந்தச் சேலை பீரோவில்தான் இருக்கும். காரணம், ஜாக்கெட் தைத்து வந்திருக்காது. அதிகாலை ஆராதனைக்கு அவர் போன வருஷத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். "என்ன எடுத்துக் கொடுத்தாலும் இவங்களுக்குப் பிடிக்காது" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வருஷா வருஷம் கேட்கிற பேச்சு இது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. "எதையும் பிடிக்காத மாமியார்" என்று பெயர் வாங்கியவர்களில் பலருக்கு ஜாக்கெட் கை பிடித்திருக்கும், சேலை கனத்திருக்கும், துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்க உடம்பு ஒத்துழைக்காது. அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் மருமகள் மனசு நோகும். அதனால்தான் "எதுக்கும்மா வீண் செலவு, இருக்கிறதே போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு அவரைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் தையல். சேலையை விட இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும். தீபாவளி வேலை முடிந்ததும் தையல்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்போது கொடுத்தால் நிதானமாகத் தைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அந்த ஞாயிற்றுக்குள் சேலை, ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் (சேலையின் கீழ்க்கரைக்கு உள்ளே தைக்கிற பட்டை), உள்பாவாடை எல்லாம் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் 10 தாண்டிவிட்டால் பல தையல் கடைகளில் புது ஆர்டர் வாங்க மாட்டார்கள். வாங்குகிற ஒன்றிரண்டு பேரும் 23-ஆம் தேதி ராத்திரிதான் கொடுப்பார்கள், திருத்திக் கேட்க நேரம் இருக்காது.

அளவு ஜாக்கெட் என்று பீரோ அடியில் கிடக்கிற பழசை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போன ஞாயிறு கோயிலுக்கு எதைப் போட்டுக்கொண்டு போனாரோ, அதைக் கொடுங்கள். கூடவே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறதா? கை முழங்கை வரை வேண்டுமா, கொஞ்சம் மேலேயா? கொக்கி முன்னாலா பின்னாலா? கடைசிக் கேள்வி முக்கியம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது சகஜம். கை பின்னால் போகவே போகாது. பின்கொக்கி ஜாக்கெட்டை இன்னொருவர் மாட்டிவிட்டால்தான் உண்டு. அப்படி ஒருவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டே அவர் அந்தச் சேலையைத் தொடாமல் இருந்துவிடுவார்.

சேலையோடு சேர்ந்து வருகிற ஜாக்கெட் துணி வழக்கமாக 80 சென்டிமீட்டர்தான். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்து, கையும் முழங்கை வரை வேண்டுமென்றால் அது போதாது. தையல்காரர் ஒன்று கையைக் குட்டையாக்குவார், இல்லையென்றால் அக்குளில் ஒட்டுப் போடுவார். மார்பளவு 40 அங்குலத்துக்கு மேல் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு மீட்டர் துணி எடுப்பதே நல்லது. லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அதற்குப் பிறகு தைக்கக் கொடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவையலில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். பருத்தி ஃபால்ஸுக்கும் இதே கதைதான். நனைக்காத ஃபால்ஸ் சுருங்கிச் சேலைக் கரையை மேலே இழுத்துவிடும், கொசுவம் நேராக விழாது. ஃபால்ஸை மிஷினில் அடிக்காமல் கைத்தையலாகப் போடச் சொல்லுங்கள். பிரித்து மாற்ற வேண்டியிருந்தால் சேலையில் ஓட்டை தெரியாது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.

உள்பாவாடை பலரும் மறந்துபோகிற சாமான். புது நிறத்துச் சேலைக்குப் பொருத்தமான பாவாடை அவரிடம் இருக்காது. மருமகளிடம் கேட்கவும் மாட்டார். காட்டன் பாவாடை ஒன்று, அவருடைய நீளத்துக்கு, சேலையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இனி எந்தச் சேலை என்பது. அவர் ரசனை தெரிய வேண்டுமானால் பீரோவைத் திறந்து பார்த்துப் பயனில்லை. துணிக்கொடியைப் பாருங்கள். பீரோவில் இருப்பது மற்றவர்கள் கொடுத்தது, கொடியில் காய்வது அவரே விரும்பிக் கட்டுவது. கொடியில் பூனம் சேலையாகத் தொங்கினால், அவருக்கு வேண்டியது அலசிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிற, தேய்க்க வேண்டாத சேலை. அவரிடம் கொண்டுபோய் நல்ல கைத்தறிப் பருத்தியைக் கொடுத்தால், அதற்குக் கஞ்சி காய்ச்சுவதும் இஸ்திரி போடுவதும் அவர் தலையில்தான் விழும். "காட்டன் உடம்புக்கு நல்லது அத்தை" என்று பாடம் நடத்துவதில் பிரயோஜனம் இல்லை. நல்ல தரத்தில், கண்ணுக்கு இதமான பூவோடு ஒரு பூனம் எடுத்துக் கொடுங்கள், மாதத்துக்கு நாலு தடவை கட்டுவார். லினன் சேலை மருமகள்களுக்கு அழகாகத் தெரியும். உட்கார்ந்து எழுந்ததும் கசங்குகிற துணியை அந்தத் தலைமுறை "தேய்க்காம வந்திருக்கா" என்றுதான் பார்க்கும். கோயிலுக்கு அதைக் கட்ட மாட்டார்கள்.

பருத்திதான் கட்டுவார் என்றால் மதுரைச் சுங்குடி எப்போதும் நம்பிக்கையானது, உடம்பில் கனமே தெரியாது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு அதைப் பரிசாகக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர். உழைக்கும், நிறமும் அழுத்தமாக இருக்கும். ஆனால் தடிமனான துணி. முட்டிவலி உள்ளவர் துவைத்துப் பிழிய முடியுமா என்று யோசித்துவிட்டு எடுங்கள். சேலையின் நீளத்தைக் கேட்கிற நாம் அகலத்தைக் கேட்பதில்லை. 45 அங்குல அகலத்திலும் சேலை வருகிறது, 48 அங்குலத்திலும் வருகிறது. உயரமான பெண்மணிக்கு 45 அங்குலம் கணுக்காலுக்கு மேலே நிற்கும், பருத்தியாக இருந்தால் துவைத்தபின் இன்னும் ஏறும். கடையில் டேப் இருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பட்டு எடுப்பதானால் கையில் தூக்கிப் பாருங்கள். கல்யாணப் பட்டின் கனத்தை அறுபது வயதுக்கு மேல் தோள் தாங்காது. நற்கருணைக்கு முழங்காலிட்டு எழும்போது முந்தானை நழுவும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாஃப்ட் சில்க் போதும். பட்டு என்று சொல்லி விற்றால் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய முத்திரை அது. சந்தேகம் இருந்தால் முந்தானை ஓரத்து இழை ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு இழை முடி கருகிய நாற்றம் அடிக்கும், சாம்பலைத் தொட்டால் பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சின்ன உருண்டையாகக் கெட்டிப்படும்.

நிறத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும், ஆனால் மனசாரச் சொல்கிறேன். மாமனார் தவறியிருந்தால் வெளிர் நிறம்தான் எடுக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வெள்ளையும் சந்தனமும் சாம்பலுமாக அவரிடம் ஏற்கெனவே பத்துச் சேலை இருக்கும், நற்கருணை ஞாயிற்றுக்கும் பெரிய வெள்ளிக்கும் துக்க வீட்டுக்கும் என்று. கிறிஸ்துமஸுக்காவது மெரூன், மயில் கழுத்து நீலம் என்று கட்டிப் பார்க்க ஆசை இருக்கலாம். தனியாக இருக்கும்போது, "மாமி, இந்தத் தடவை கலர்ல எடுப்போமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆச்சரியப்படுத்துகிறேன் என்று ரகசியமாக வாங்குவதைவிட, முடிந்தால் அவரையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வார நாளில், காலையில், கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள். உட்கார நாற்காலி கிடைக்கும், எடுத்துப் போடுகிறவருக்கும் பொறுமை இருக்கும். உள்ளே போனவுடன் நீங்கள் முன்னால் போய், "ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறுக்குள்ள மட்டும் எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அவர் சேலையைப் பார்க்கும் முன்னால் விலைச் சீட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார், உள்ளதிலேயே குறைந்ததைக் காட்டி "இது போதும்" என்பார். அதைக் கட்டும்போதெல்லாம் அரைமனசாகக் கட்டுவார். எல்லாமே ஒரே விலை வட்டத்தில் இருந்தால்தான் நிறத்தையும் கரையையும் பார்ப்பார். தேர்ந்தெடுத்ததை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே அரக்கு எது, பிரவுன் எது என்று தெரியாது. வெளியூரில் இருந்தால் வீடியோ காலில் காட்டுங்கள். ஜாக்கெட் துணியை வெட்டிவிட்டாலோ ஃபால்ஸ் அடித்துவிட்டாலோ கடையில் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் அவர் சம்மதம் வாங்குவதற்கு முன்னால் கத்தரி படக்கூடாது.

சேலை வேண்டவே வேண்டாம் என்கிற மாமியார்களும் உண்டு. அவர்களுக்கு வேதாகமம் வாங்குவதாக இருந்தால் எந்தச் சபை என்று பாருங்கள். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் சபைகளில் படிப்பது 66 புத்தகங்கள் கொண்ட பரிசுத்த வேதாகமம், கத்தோலிக்கர்கள் படிப்பது 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம். மாற்றி வாங்கினால் வாங்கியது வீண். பெரிய எழுத்துப் பதிப்பு கனமானது, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டில் வைத்து வாசிக்க ஒரு மரத் தாங்கியும் சேர்த்து வாங்கினால்தான் அது பயன்படும். கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு கண்ணாடி பரிசளிக்காதீர்கள், பவர் நிலைக்கு வரச் சில வாரம் ஆகும்.

பிபி பார்க்கும் கருவி, சர்க்கரை உள்ளவர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு மாதிரியானவை அவசியமான சாமான்கள்தான். ஆனால் பண்டிகை அன்று கலர் தாளில் சுற்றி நோயை ஞாபகப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதை ஜனவரியில் சாதாரண நாளில் வாங்கிக் கொடுங்கள். கருவியின் கைப்பட்டை அவர் புஜத்தின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். செருப்பைச் சாயங்காலத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள், பின்வார் உள்ளதாக. பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாது.

சமையல் சாமான்களை நான் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன், அது அவருக்கு வேலை கொடுப்பது. விதிவிலக்கு, அவர் ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற பலகாரத்துக்கான கருவி. அச்சு முறுக்கு அச்சு தேய்ந்து கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தால் புதுசு வாங்கிக் கொடுங்கள், ஆனால் பழக்கிக் கொடுங்கள். கழுவி ஈரமில்லாமல் துடைத்து, ஒரு ராத்திரி எண்ணெயில் முழுக ஊறப்போட வேண்டும். சுடும்போது அச்சு காயும் எண்ணெயிலேயே ஐந்து நிமிஷமாவது கிடந்து சூடேற வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்கணும். விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு விழாது. அச்சு அதிகமாகச் சூடேறினால் மாவு ஒட்டவே ஒட்டாது. புது அச்சில் முதல் ஏழெட்டு முறுக்கு உடையத்தான் செய்யும், அதை உங்கள் வீட்டில் உடைத்து முடித்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தங்கம் எடுப்பவர்கள் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டைப் பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் நகையே போடுவதில்லை, அங்கே இந்த யோசனையே வேண்டாம்.

சம்பாத்தியம் இல்லாத மாமியார்களுக்கு எல்லாவற்றையும்விட உபயோகமானது ரொக்கம். ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாளாகக் கொடுக்காமல், ஐம்பதும் நூறுமாகப் புதுத் தாளில், 24-ஆம் தேதிக்கு முன்னாலேயே கையில் கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு, கேரல் பாட வருகிற பிள்ளைகளுக்கு, காணிக்கைக்கு, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு என்று அவர் தன் கையால் கொடுப்பார். வருஷம் முழுக்கப் பிறரிடம் கைநீட்டுகிறவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று அவர் முகத்தில் தெரியும்.

இரண்டு மருமகள்கள் இருந்தால் முன்கூட்டியே பேசி ஒரே விலை வட்டத்தில் எடுங்கள், உங்கள் அம்மாவுக்கும் அதே வட்டத்தில். புதுத்துணிகளை ஒன்றாக வைத்து ஜெபம் பண்ணிக் கொடுக்கிற வழக்கம் உள்ள வீட்டில், அவர் சேலையையும் அந்த அடுக்கிலேயே வையுங்கள். எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறவர் அவராக இருக்கட்டும், அவருக்கு மட்டும் மகனும் மருமகளும் சேர்ந்து கொடுங்கள். வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனைக்கும் புதுசு கட்டும் வீடாக இருந்தால் இரண்டாவது சேலைக்கும் ஜாக்கெட்டைச் சேர்த்தே தைத்துவிட வேண்டும்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் துணிக்கொடியைப் பாருங்கள். சேலை அதில் வரவே இல்லை என்றால் "பிடிக்கலையா அத்தை?" என்று கேட்காதீர்கள், "ஜாக்கெட் எங்க பிடிக்குது?" என்று கேளுங்கள். உள்ளே விட்ட ஒரு அங்குலம் அப்போது உதவும்.