எதிரியிடம் சேதி சொல்லி வைத்தவர்

1862 செப்டம்பர் 14. அடிமை முறையை வைத்து அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர். மேரிலாந்தில் சவுத் மவுண்டன் மலைச்சரிவு. முழங்கைக்குச் சற்று மேலே குண்டு பாய்ந்து, இடது கை எலும்பு முறிந்து, இரண்டு படைகளுக்கும் நடுவே கிடக்கிறார் வடக்குப் படையின் ஒஹாயோ 23ஆவது படைப்பிரிவு அதிகாரி ஒருவர். பக்கத்தில் தெற்குப் படைச் சிப்பாய் ஒருவனும் அடிபட்டுக் கிடக்கிறான். இருவரும் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒருவேளை தான் பிழைக்காவிட்டால் மனைவிக்குச் சொல்லச் சொல்லி, எதிரியிடமே சேதி சொல்லி வைக்கிறார் அதிகாரி. சிரிப்பும் சிநேகமுமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று பிறகு டைரியில் எழுதினார்.

ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் 19ஆவது ஜனாதிபதி. இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் அவரைப் பிடித்துப்போகும். அப்புறம் 1877 ஞாபகம் வரும், எரிச்சல் வரும்.

நல்ல மனிதர் என்பதில் சந்தேகமில்லை. பிறக்கும் முன்பே அப்பாவை இழந்தவர். ஹார்வர்டில் சட்டம் படித்து, சின்சினாட்டியில் வக்கீல் தொழில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி, அடிமை மாகாணம். தப்பி வந்தவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். 38 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து முறை காயம்பட்டார். 1864இல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் நிறுத்தி, ஓட்டுக் கேட்க வரச் சொன்னார்கள். இந்த நேரத்தில் களத்தை விட்டு ஓட்டுக் கேட்கப் போகிற அதிகாரியின் தலைத்தோலை உரிக்க வேண்டும் என்று பதில் எழுதினார். போகாமலே ஜெயித்தார்!

சரி, 1876 ஜனாதிபதித் தேர்தலுக்கு வருவோம். எதிர்த்து நின்ற சாமுவேல் டில்டனுக்குச் சுமார் இரண்டரை லட்சம் ஓட்டு அதிகம். ஆனால் அங்கே முடிவு செய்வது மாகாணவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். ஜெயிக்க 185 வேண்டும். டில்டனுக்கு 184, ஹேய்ஸுக்கு 165, தகராறில் 20. விசாரித்த 15 பேர் கமிஷன், 8க்கு 7 என்று அந்த 20ஐயும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. இதைத் திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தெற்கில் கறுப்பின மக்களை அடித்தும் கொன்றும் வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்தது டில்டனின் கட்சி. அதைச் சொல்லாமல் இரண்டரை லட்சத்தை மட்டும் சொல்வது கள்ளக்கணக்கு.

இந்த முடிவை டில்டன் தரப்பு தடுக்காமலிருக்க, தெற்கில் நின்ற மத்திய அரசுச் சிப்பாய்களை விலக்குவது என்று பேரம் நடந்தது. அந்தப் பேச்சுகளில் ஒன்று வாஷிங்டனில் வோர்ம்லி ஓட்டலில் நடந்தது. ஓட்டல் முதலாளி ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். அவர் வீட்டுக் கூரைக்கு அடியிலேயே அவர் மக்களை விலைபேசினார்கள்.

1877 ஏப்ரலில், தென் கரோலினா, லூசியானா மாகாண அரசுக் கட்டடங்களில் காவல் நின்ற அந்தச் சிப்பாய்களை முகாமுக்குத் திரும்பச் சொன்னார் ஹேய்ஸ். கறுப்பின மக்களின் ஓட்டில் நின்ற கடைசி இரண்டு அரசுகளும் விழுந்தன. பட்டாளத்துக்குப் பணம் தரக் கீழ்சபை மறுத்தது, வடக்கு மக்களுக்கே அலுத்துவிட்டது என்பதெல்லாம் உண்மைதான். என் குறை வேறு. கறுப்பின மக்களின் உரிமையை மதிப்போம் என்று வேட் ஹாம்ப்டன் போன்ற தெற்குத் தலைவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், இவர் நம்பினார். எதிர்த்தரப்பின் வாய்ச்சொல்லை நம்பி எந்த வக்கீலாவது வழக்கைக் கைவிடுவாரா? எனக்கென்னவோ, அன்று பக்கத்தில் கிடந்த சிப்பாயைத்தான் ஹாம்ப்டனிடமும் பார்த்தார் என்று தோன்றுகிறது. சண்டை யாருக்காக நடந்ததோ அவர்கள் அந்தச் சிநேகத்தில் எங்குமே இல்லை.

1879இல் தேர்தல் பாதுகாப்புச் சட்டங்களை உடைக்கக் காங்கிரஸ் அனுப்பிய மசோதாக்களை வரிசையாக வீட்டோ செய்தார். வெள்ளம் போன பிறகு அணை.

பதவி முடிந்ததும் கறுப்பின மக்களின் கல்விக்கான ஸ்லேட்டர் நிதிக்குத் தலைவரானார். ஐரோப்பாவில் படிக்க அனுப்பத் தகுதியான கறுப்பின இளைஞர் கிடைக்கவில்லை என்று அவர் பேசியதாகப் பத்திரிகையில் வந்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டு போய்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அதைப் பார்த்துவிட்டுக் கடிதம் கடிதமாக எழுதிச் சண்டை போட்டார். 1892இல் அந்த நிதியின் உதவியோடுதான் பெர்லினுக்குப் படிக்கப் போனார். அடுத்த ஜனவரியில் ஹேய்ஸ் இறந்துவிட்டார். 1877இல் என்ன பறிபோனது என்பதைக் கறுப்பின மக்களின் பக்கமிருந்து, 1935இல் தடித்த புத்தகமாக எழுதியவர் அதே டு போய்ஸ்தான்.