வானொலியில் மைக் வேலை மட்டும்தானா?

இலங்கை மலையகப் பிள்ளைகளிடம் வானொலி வேலை என்று சொன்னால் உடனே மனதில் வருவது அறிவிப்பாளர்தான். ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பதோ ஒரு கதிரை. அதில் ஒருவர் பேச, செய்தி எழுதுபவர், தயாரிப்பாளர், ஒலித்தொகுப்பாளர், விளம்பரங்களை நேரத்துக்கு அடுக்குபவர், ஒலிபரப்பியை (டிரான்ஸ்மிட்டர்) பராமரிப்பவர் என்று பின்னால் பலர் வேண்டும். குரல் தேர்வுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றில் ஒரு வேலையாவது கைவசம் இல்லாமல் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது ஒலிபரப்பித் தொழில்நுட்பம். எப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். மலை குறுக்கே நின்றால் அடுத்த பள்ளத்தாக்குக்கு எட்டாது. பஸ் ஒரு வளைவு திரும்பியதும் பாட்டு இரைவது அதனால்தான். அதற்காகத்தான் உச்சிகளில் மறு ஒலிபரப்பு நிலையங்கள். அங்கே பெரிய எதிரி மழை. அன்டனா கேபிள் இணைப்பில் நீர் புகுந்தால், அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். அது அளவு மீறினால் ஒலிபரப்பி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். ஒலிபரப்பியைக் கழற்றுவதற்கு முன் இணைப்பைத் திறந்து பாருங்கள்: உள்ளே பச்சை பூத்திருந்தால் அதுதான் காரணம். புதிய இணைப்புப் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரை போல நீர் வழிந்து போகும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரைப் பிடித்து வைக்கும். மின்னணுவியலில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் முடித்தவர்களுக்கு இது நல்ல வாசல்.

குரல் மாதிரி அனுப்புபவர்களுக்கு: இரண்டு நிமிடம் போதும், அதில் பாதி செய்தி வாசிப்பாக இருக்கட்டும். பின்னணி இசை வேண்டாம். தகரக்கூரையில் மழை விழும் நேரத்தில் பதியாதீர்கள், அந்த இரைச்சலை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். பதிவுச் செயலி காட்டும் ஒலி அளவில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தேர்வில் பலர் தடுமாறுவது ல, ள, ழ உச்சரிப்பில்.

மலையகத்திலுள்ள கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1999இல் அங்கே இணையமும் வந்தது. நேயர்கள் கேட்டதை இணையத்தில் தேடி, அவர்களின் மொழியில் வானொலியிலேயே விளக்கினார்கள். தேடுவது, சரிபார்ப்பது, எளிமையாகச் சொல்வது: தயாரிப்பாளர் வேலையே இதுதான். படித்துவிட்டுப் போக விரும்பினால் உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம் இருக்கிறது.

செய்தி எழுதப் போகிறவர்களிடம் நம் ஊர்ச் சொற்களைக் கொண்டுபோகச் சொல்வேன். 'அரைப்பேர்' என்றால் அன்று பாதிச் சம்பளம்தான் என்பது தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரியாத ஒருவர் எழுதும் சம்பளச் செய்தியில், நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் நிறை குறைந்ததால் பாதி இழந்தவரின் கதை வராமலே போய்விடும்.