தானாக வந்ததாம்!

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒளிபரப்பான அந்தப் படத்தின் வெற்றி விழாவைப் பார்த்திருப்பீர்கள். "அந்த ஸ்டெப்பை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று தொகுப்பாளினி கேட்கிறார். "பாட்டைக் கேட்டதும் தானாக வந்தது" என்கிறார் நாயகன். அரங்கமே கைதட்டுகிறது. அந்த ஆட்டத்தை அமைத்த நடன மாஸ்டரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்.

தானாக வருவதற்கு அது என்ன தும்மலா?

என் தம்பி அந்த மாஸ்டரிடம் உதவியாளன். வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில்தான் அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சரக்கு ரயில் போகும்போதெல்லாம் தாளம் காதில் விழாது, மறுபடியும் முதலிலிருந்து. நாயகனுக்கு முட்டி மடங்காது என்பதால் இடையிசையின் பாரத்தை குரூப் டான்சர்கள் மேல் ஏற்றினார்கள். படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடும் நாக்ரா கருவி ஓட, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று மாஸ்டர் ஒவ்வொரு அசைவையும் ஆடிக் காட்டுவார். பாடலுக்கு கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூடப் பெரும்பாலும் அவர்தான் சொல்வார். பெயர் மட்டும் தானாக வராது.

"சம்பளம் வாங்கினார் அல்லவா?" என்பீர்கள். நாயகன் இலவசமாகவா நடித்தார்?

"பிரபுதேவாவைத் தெரியாதவர் உண்டா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள். 'மின்சார கனவு' படத்தின் நடனத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது உண்மை. அந்தப் படத்தில் அவர் நடிக்கவும் செய்தார். 'சிருங்காரம்' என்ற தமிழ்ப் படத்துக்காக இந்திப் பட நடன இயக்குநர் சரோஜ் கானுக்கும் அதே விருது கிடைத்ததே, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கலா மாஸ்டரை வீட்டுக்கு வீடு தெரிந்தது 2007இல் 'மானாட மயிலாட' என்ற டிவி நடன நிகழ்ச்சி தொடங்கிய பிறகு. கேமராவுக்கு முன்னால் வந்தால்தான் மாஸ்டருக்கு முகம். பின்னால் நிற்பவருக்குப் பெயர்கூடக் கிடையாது என்றுதானே நானும் சொல்கிறேன்?

"அந்த மாஸ்டரே புகார் சொல்லவில்லை, உனக்கென்ன?" என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அவர் எப்படிச் சொல்வார்? அடுத்த பாட்டுக்கு அதே நாயகன்தான் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தால் "திமிர் பிடித்தவர்" என்பார்கள். அதுவும் அவரைப் போல வடசென்னைக் காசிமேட்டுக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆம், அதையும் சொல்லிவிடுகிறேன். குத்துப் பாட்டு வேண்டுமென்றால் மட்டும் சினிமாக்காரர்களுக்கு எங்கள் வடசென்னை நினைவுக்கு வரும். கதையில் நாங்கள் கத்தியோடு வர வேண்டும், பாட்டில் லுங்கியோடு வர வேண்டும். மேடையில் மட்டும் வரக் கூடாது. தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் வாராவாரம் ராத்திரி முழுக்க விழித்துப் போட்டியாளருக்கு ஆட்டம் அமைப்பவர்களில் எங்கள் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடுவர்கள் கண்ணீர் விட்டுப் போட்டியாளரைக் கட்டிப்பிடிப்பார்கள். அமைத்தவன் பெயர் விளம்பரத்துக்கு முன்னால் எறும்பளவு எழுத்தில் ஓடி மறையும். அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடும்.

நாயகனின் ரசிகர்களே, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், மாஸ்டரை விட்டுவிடுங்கள். அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. தம்பியோ எழுதவே வேண்டாம் என்றான். போன மாதம் முடிந்த டிவி நிகழ்ச்சிக்கு அவனுக்கு வர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை, அதையாவது எழுதாதே என்று கெஞ்சினான். எழுதிவிட்டேன்.