எழுதிப் பார்க்கச் சுவர் தரும் நூலகம்

பல்கலைக்கழக நூலகங்கள் விளையாட்டுக்கும் கைவேலைக்கும் இடம் தர வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது; அக்கருத்தை ஏற்கிறேன். ஆனால், தேர்வு வாரத்தில் மட்டும் புதிர் அட்டைகளையும் வண்ணப் பென்சில்களையும் மேசையில் பரப்பி வைப்பது அதற்குப் போதாது. அமெரிக்காவில், ரீனோ நகரின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெலமேர் நூலகம், 2012-ஆம் ஆண்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறிகளை மாணவர் அனைவருக்கும் திறந்துவிட்டதோடு, சுவர்களுக்கு எழுதி அழிக்கக்கூடிய வண்ணம் பூசி, கணக்குகளையும் வரைபடங்களையும் அவற்றிலேயே போட்டுப் பார்க்க வழி செய்தது. அச்சுப்பொறியைவிட அந்தச் சுவர்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன (செலவும் குறைவு). ஒருவர் பாதியில் விட்ட சமன்பாட்டை, அவ்வழியே செல்லும் வேறு துறை மாணவர் நின்று பார்க்கவும், அதுபற்றிப் பேச்சுக் கொடுக்கவும் அங்கே இடமுண்டு. அமைதியாகப் படிக்க வருவோருக்குத் தனித் தளம் ஒதுக்குவது குறித்தும் கட்டுரை பேசியிருக்கலாம்.