அங்கெல்லாம்

சுந்தரம்: பனியாறு பார்த்தோம் பாண்டி! பனியாறு!

பாண்டி: (முடிவெட்டும் மிஷினை நிறுத்தாமல்) பணியாரமா? அதுக்கா அண்ணே அவ்வளவு தூரம் போனீங்க? கீழவாசல் பக்கம் ஒரு ஆத்தா விடியக்காலையிலேயே குழிக்கல்லோட உட்கார்ந்திருக்குமே.

சுந்தரம்: பணியாரம் இல்லைப்பா. பனி… ஆறு. ஸ்விட்சர்லாந்துல. மலை உச்சியில ஆரம்பிச்சு அடிவாரம் பார்த்து அப்படியே இறங்கி வரும்.

பாண்டி: ஆறா, சரி சரி. தண்ணி எவ்வளவு போகுது?

சுந்தரம்: தண்ணி போகாது. அத்தனையும் ஐஸ்.

பாண்டி: (மிஷினை நிறுத்திவிட்டார்) தண்ணி போகாத ஆத்தைப் பார்க்கவா விமானம் ஏறினீங்க? இந்தக் கடை வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தா கல்பாலம் தெரியும். அதுக்குக் கீழே என்ன இருக்கு?

சுந்தரம்: வைகையையும் இதையும் சேர்க்காதே. பனியாறு ஓடுது, நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. அலெட்ச்னு ஒரு பனியாறு, ஆல்ப்ஸ் மலையிலேயே பெரிசு. 20 கிலோமீட்டருக்கு மேல நீளம். ஒரு இடத்துல ஐஸ் மட்டுமே 800 மீட்டர் ஆழத்துக்கு இருக்கு. வருஷத்துக்கு ஏறக்குறைய 180 மீட்டர் நகருதாம்.

பாண்டி: 180ன்னா… ஒரு நாளைக்கு அரை மீட்டர். என் பட்டா மாறுதல் மனு மாதிரின்னு சொல்லுங்க. நகருதுன்னுதான் சொல்றாங்க, பார்த்தா தெரியலை.

சுந்தரம்: அங்கெல்லாம் ஒரு மனுக் கொடுத்தா…

பாண்டி: தலையைக் குனிங்க.

(பெஞ்சில் இருந்த நான் வரிசையில் மூன்றாவது ஆள். நான் வந்து உட்கார்ந்த பிறகு இது ஏழாவது ‘அங்கெல்லாம்’. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துப் பையனும் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். வெளிநாடு போய் வந்தவர்களுக்கு முதல் ஒரு மாதம் இந்தச் சொல் விக்கல் மாதிரி வரும். தண்ணீர் கொடுத்தாலும் நிற்காது. டம்ளரைப் பார்த்ததும், ‘அங்கெல்லாம் குழாய்த் தண்ணியையே குடிக்கலாம்’ என்பார்கள்.)

சுந்தரம்: யுங்பிராவ்யோக்னு ஒரு இடம் பாண்டி. 3,454 மீட்டர் உயரம். அது வரைக்கும் ரயில் போகுது, ரயில்! கடைசி 9 கிலோமீட்டர்ல 7 கிலோமீட்டர் சுரங்கம். மலையைக் குடைஞ்சு, 1896-ல ஆரம்பிச்சு 1912-ல முடிச்சிருக்கான். அங்கெல்லாம் அந்தக் காலத்திலேயே…

பாண்டி: அவங்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷமே நம்ம ஆளு மலையைக் குடைஞ்சு வேலையை முடிச்சுட்டாரே.

சுந்தரம்: யாருப்பா நம்ம ஆளு?

பாண்டி: பென்னிகுக்.

சுந்தரம்: அவரு வெள்ளைக்காரரு!

பாண்டி: இதைக் கம்பத்துல போய்ச் சொல்லிட்டு முழுசாத் திரும்பி வாங்க, பார்ப்போம். என் மச்சினன் வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படம் மாட்டியிருக்கு. மேற்கே போய்க்கிட்டிருந்த பெரியாத்துத் தண்ணியை அணை கட்டி மறிச்சு, மலைக்குள்ள வழி வெட்டி, வைகைப் பக்கம் திருப்பிவிட்டாரு. அவங்க ஆளைக் கொண்டுபோகக் குடைஞ்சாங்க, இவரு தண்ணியைக் கொண்டுவரக் குடைஞ்சாரு. ரயில் டிக்கெட் எவ்வளவு?

சுந்தரம்: அதை ஏன் கேட்கிறே. போக வர ரெண்டு பேருக்கும் 400 பிராங்குக்கு மேல. ஒரு பிராங்கை 100 ரூபாய்னு வெச்சுக்க. நல்லவேளை, பையன் கட்டினான்.

பாண்டி: 40,000. மேலே போய் என்ன பண்ணினீங்க?

சுந்தரம்: பார்த்தோம்ப்பா. நாலு பக்கமும் வெள்ளை வெளேர்னு…

பாண்டி: மதினி வேற மாதிரி சொன்னாங்களே. என் வீட்டுக்காரிகிட்டப் பூ வாங்க வந்தப்போ. ரயிலை விட்டு இறங்கினதுமே உங்களுக்குத் தலை சுத்திருச்சாம். அங்கே இருக்கிற இந்திய ஓட்டல்ல உட்கார்ந்து சோறு சாப்பிட்டீங்களாம். மதினி மட்டும்தான் வெளியே போய்ப் பார்த்தாங்களாம்.

சுந்தரம்: அவ்வளவு உயரத்துல காத்து கம்மி. யாருக்கும் வரும். நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்.

பாண்டி: அப்ப உங்க பங்குக்கு 20,000 ரூபாய் டிக்கெட் எடுத்துப் போய்ச் சோறு சாப்பிட்டிருக்கீங்க. தொட்டுக்க என்ன குடுத்தாங்க?

சுந்தரம்: நீ கிண்டல் பண்ணு. மறுநாள் மலையேறினோமே, அதுக்கு என்ன சொல்றே? மென்லிகன்லேருந்து கிளைன ஷைடெக் வரைக்கும், நாலரை கிலோமீட்டர். ஒரு பக்கம் முழுக்க ஐகர், மோங்க், யுங்பிராவ்னு மூணு சிகரம் வரிசையா நிக்கும். அரக்கன், சாமியார், கன்னிப்பொண்ணுன்னு அர்த்தமாம். அரக்கன் பொண்ணுகிட்டப் போகாம சாமியார் நடுவுல நிக்கிறாரு.

பாண்டி: நமக்கு யானைமலை, நாகமலை, பசுமலை. ஊரை அழிக்க வந்ததை எல்லாம் சொக்கநாதர் கல்லாக்கிப் போட்டாரு. உங்க மொட்டைமாடியிலிருந்து பார்த்தா யானைமலை படுத்திருக்கிறது தெரியுமே. ஏறியிருக்கீங்களா?

சுந்தரம்: அங்கே போய் எதுக்குப்பா?

பாண்டி: மேலே சமணர் படுகை இருக்கு. கல்வெட்டு இருக்கு. டிக்கெட் கிடையாது, அதான் நமக்குத் தோணலை.

சுந்தரம்: வெயில்லே யாரு ஏறுவா? அங்கெல்லாம் பாதை எப்படித் தெரியுமா? மஞ்சப் பலகை வெச்சிருப்பான். தூரம் போட மாட்டான், எவ்வளவு நேரம் ஆகும்னு போட்டிருப்பான். ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்தது.

பாண்டி: மதினி மூணேகால்னாங்க.

சுந்தரம்: வழியிலே போட்டோ எடுக்கிறதில்லையா?

பாண்டி: அந்த மென்லிகனுக்கு எப்படிப் போனீங்க?

சுந்தரம்: ரோப் கார்ல.

பாண்டி: அது எவ்வளவு உயரம்?

சுந்தரம்: 2,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல.

பாண்டி: போய்ச் சேர்ந்த இடம்?

சுந்தரம்: (மெதுவாக) 2,061. நம்ம கொடைக்கானல் உயரம்னு வெச்சுக்கயேன்.

பாண்டி: அண்ணே, இதுக்குப் பேரு மலையேற்றம் இல்லை. மலையிறக்கம்.

(பையன் சத்தமாகச் சிரித்துவிட்டான். சுந்தரம் கண்ணாடி வழியாக அவனை முறைத்தார். பாண்டி கத்தியில் புது பிளேடு மாட்டினார். பிடரியில் தண்ணீரைத் தடவியதும் சுந்தரத்தின் தோள் ஒருமுறை சிலிர்த்தது. 3,454 மீட்டர் போய் வந்த தோள்.)

சுந்தரம்: சரி, அதை விடு. ரோன் பனியாறுன்னு ஒண்ணு. அங்கே ஐஸுக்கு உள்ளேயே குகை வெட்டி வெச்சிருக்கான். 100 வருஷத்துக்கும் மேலா வெட்டுறாங்க. உள்ளே போனா சுவர் நீலமா இருக்கும் பாண்டி, துணிக்குப் போடுற சொட்டு நீலம் மாதிரி. கையை வெச்சா வழுவழுன்னு, குளிர் எலும்புல ஏறுது. உங்க மதினி ஸ்வெட்டர் மேல சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டே இருந்தது.

பாண்டி: உருகுதா?

சுந்தரம்: உருகுது. பழைய போட்டோ காட்டுறாங்க. 150 வருஷம் முன்னாடி பள்ளத்தாக்கு தரை வரைக்கும் வந்திருக்கு. இப்ப எங்கேயோ மேலே நிக்குது, முன்னாடி ஒரு ஏரி. அதனால என்ன பண்றான்னா, வெயில் காலத்துல அந்தக் குகை இருக்கிற பக்கம் பூரா வெள்ளைத் துணி போட்டுப் போர்த்திடுறான்.

பாண்டி: (கத்தி பிடரியிலேயே நின்றது) என்னது?

சுந்தரம்: போர்வைப்பா. வெயிலைத் திருப்பி அனுப்பிடும். போர்த்தின இடத்துல உருகுறது குறையுது. பக்கத்துல போய்ப் பார்த்தா கிழிஞ்சு, அழுக்காகி, கல்யாண மண்டபத்துப் பின்கட்டுல கிடக்கிற பழைய ஷாமியானா மாதிரிதான் இருக்கு. ஆனா அங்கெல்லாம் எவ்வளவு யோசிக்கிறாங்க பாரு.

பாண்டி: அண்ணே. 2017. வைகை அணை.

சுந்தரம்: எது?

பாண்டி: தண்ணி ஆவியாகக் கூடாதுன்னு தெர்மாகோலை ஒட்டி மிதக்கவிட்டாங்களே. காத்து வந்து அப்படியே கரையிலே ஒதுக்கிட்டுப் போச்சே. இதே நாற்காலியிலே உட்கார்ந்து சிரிச்சீங்க. நீங்க சிரிச்ச சிரிப்புல ஒரு பக்கம் மீசை கூடக் குறைச்சலாப் போச்சு, ஞாபகம் இருக்கா?

சுந்தரம்: அது வேற, இது வேற. இது விஞ்ஞானம்.

பாண்டி: அந்தக் குகைக்கு டிக்கெட் உண்டா?

சுந்தரம்: உண்டு.

பாண்டி: நம்ம ஆளுங்க அங்கேதான் கோட்டை விட்டாங்க. தெர்மாகோலுக்கு டிக்கெட் போட்டிருக்கணும்.

சுந்தரம்: ஏய், போர்வை நிக்குது. தெர்மாகோல் நிக்கலை.

பாண்டி: அது சரி, ஒத்துக்கிறேன். மொத்தத்தையும் போர்த்திடுவாங்களா?

சுந்தரம்: எப்படிப்பா முடியும்? குகை வாசலைச் சுத்தி மட்டும்தான். மிச்சம் உருகிக்கிட்டேதான் இருக்கு. அந்தத் தண்ணிதான் ரோன் நதி. பிரான்சு வழியாக் கடலுக்குப் போகுது. நின்னு பார்த்தப்போ எனக்கே கண்ணு கலங்கிருச்சு பாண்டி.

பாண்டி: தினம் கல்பாலத்துல ஸ்கூட்டர்ல வர்றீங்களே அண்ணே. இங்கே மூக்கைத்தான் பொத்துறீங்க.

(மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சுந்தரம் கண்ணாடியில் தன் கிருதாவைப் பார்த்தார், நான் தரையில் கிடந்த முடியைப் பார்த்தேன். நானும் அந்தப் பாலத்தில்தான் வருகிறேன்.)

சுந்தரம்: சித்திரைக்குத் தண்ணி விடுறாங்கள்ல?

பாண்டி: அழகருக்கு விடுறாங்க. அவரு வேற எங்கேயும் டூர் போகாம வருஷா வருஷம் இங்கேயே இறங்குறாரு, அந்த விசுவாசத்துக்கு. (படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டே) போதுமா, இன்னும் குறைக்கவா?

சுந்தரம்: போதும். ஒன்றரை மாசத்து முடி. அங்கெல்லாம் முடிவெட்ட எவ்வளவு தெரியுமா? நம்ம காசுக்கு நாலாயிரம், ஐயாயிரம். அதான் வளர்த்துக்கிட்டே வந்து உன்கிட்ட உட்கார்ந்தேன். எவ்வளவு?

பாண்டி: கட்டிங் 150. கிருதாவுக்கு மை 50.

சுந்தரம்: என்னப்பா இது, போன தடவை 120தானே வாங்கினே?

பாண்டி: (துண்டை உதறிக்கொண்டே) ஏண்ணே, அங்கெல்லாம் பேரம் பேசுவாங்களா?

சுந்தரம் 200 ரூபாயைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். பையன் தன் விரல்களைப் பார்த்துக் கணக்கில் குழம்பினான். கடைக்காரர் சொன்னதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம் அவன் முறை, அதற்கப்புறம் என் முறை. நான் உட்கார்ந்ததும் பாண்டி துணியைக் கழுத்தில் சுற்றினார். முடிச்சுப் போடுவதற்கு முன் குனிந்து காதோடு கேட்டார்:

“நீங்க எங்கேயும் போயிட்டு வரலையேண்ணே?”