கல்கரியில் கடல் இல்லைத்தான், அண்ணை

சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தவைக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். வராதவைக்கு: என்ர மகள் இங்க கல்கரியில் கனடாக் கடற்படையின்ர தொண்டர் பிரிவில், அதுதான் ரிசேர்வில், இருக்கிறாள். அதைத்தான் பகிடி பண்ணினீர்கள், அண்ணை. "கல்கரியில நேவியோ? இங்கத்தைய 'போ' ஆற்றில முதலை பிடிக்கவோ?" மைக்கில் கேட்டீர்கள். கைதட்டல் வேறு.

கடல் இல்லாத ஊர் என்றபடியால்தான் அண்ணை அந்தப் பிரிவு இங்கே இருக்கு. 1922 இல் கனடாக் கடற்படைக்கான காசை 25 இலட்சம் டொலரிலிருந்து 15 இலட்சமாக வெட்டினார்கள். மிஞ்சினது விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள். பொறுப்பில் இருந்த வோல்ட்டர் ஹோஸ் அடுத்த வருசமே தொண்டர் ரிசேர்வைத் தொடங்கி, கல்கரி, எட்மன்டன், வினிபெக் என்று கோதுமை விளையிற பக்கமெல்லாம் கொண்டுபோனார். வரி கட்டுறதும் வாக்குப் போடுறதும் கடலைக் காணாத சனமும்தானே? அவையின்ர வீட்டுப் பிள்ளை படையில் இருந்தால் அடுத்தமுறை வெட்ட யோசிப்பார்கள். மனுசன் கணக்குத் தெரிஞ்சவர். 1941 இல் கல்கரிப் பிரிவுக்குக் கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயரும் வைத்தார்கள், எச்.எம்.சி.எஸ். டெக்கும்சே. கட்டடம்தான், மிதக்காது. அதுக்கும் சிரியுங்கோ.

1939 இல் நிரந்தரப் படையில் 2,000 பேரும் இல்லை. போர் முடியேக்க ஏறக்குறைய ஒரு இலட்சம், பெரும்பாலானவை தொண்டர்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நடுவால அத்திலாந்திக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனதும் இந்தக் கடல் காணாத பெடியள்தான். ரிசேர்வ் அதிகாரிகளுக்குச் சட்டைக்கையில் நேர்கோடுகூட இல்லை, நெளிஞ்ச கோடு. அப்பவே நக்கலடிச்சவை. உங்கட பகிடி பழசு, அண்ணை.

கடற்படை விமானி ரொபேர்ட் ஹம்ப்டன் கிரே 1940 இல் ரிசேர்வில் சேர்ந்தது கல்கரியில்தான். 1945 ஆகஸ்ட் 9, ஜப்பானின் ஒனகாவா விரிகுடாவில் ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு விமானத்தோடேயே விழுந்தார். வயசு 27. இறந்தபிறகு விக்டோரியா குறொஸ் என்ற அதியுயர் வீரப்பதக்கம் குடுத்தார்கள்.

போர்வெறி என்று எழுத வாறவைக்கு என்னிடம் பதில் இல்லை, போயிட்டு வாங்கோ. "எங்கட சனம் பட்டது காணாதோ, அதுக்குள்ள நேவியோ?" என்று கேட்டால் அது வேற. என்ர பெரியப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், இலங்கை நேவியால கடலுக்குப் போகேலாமல், வலையைச் சுருட்டி வச்சுப்போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நேவி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் வயிறு பிசையும். மகள் சேரப்போறன் எண்டபோது கொஞ்சநாள் அவளோட முகம்குடுத்துக் கதைக்கவே இல்லை. நீங்கள் அதைக் கேட்டிருந்தால் இருந்து கதைச்சிருக்கலாம். நீங்கள் கேட்டது முதலை.

அவள் பயிற்சிக்கு முதல்நாள் இரவு சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரிச்சு, பஞ்சில் தண்ணி தொட்டு, சப்பாத்து முனை மினுங்கும்வரை சுத்திச்சுத்தித் தேய்ப்பாள். சனி இரவு வந்தவள் ஒண்டும் பேசாமல் மேல போயிட்டாள். அங்க கைதட்டினதில் அரைவாசிப்பேர் எங்கட வீட்டில் கைநனைச்சவை.

இப்ப இன்பொக்ஸில் "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்கில் கேட்டதுக்கு இன்பொக்ஸில் மன்னிப்போ? அதுவும் எனக்கோ? பிள்ளைக்குச் சொல்லுங்கோ.