சம்பளத்துக்கும் நன்கொடை கொடுங்கள்

ஆமை முட்டைகளைக் காக்கும் ஒரு சிறு குழு பணமில்லாமல் திணறுவதைப் படித்து மனம் கனத்துவிட்டது. பங்குனி ஆமை என்ற கடலாமையின் குஞ்சுகளைக் கடலில் விடும் அன்று படம் எடுக்கக் கூட்டம் திரளும், நன்கொடையும் கொஞ்சம் வரும். ஆனால் அதற்கு முன்பு நடக்கும் வேலைக்குத்தான் காசு தேவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவெல்லாம் கரையில் நடக்க வேண்டும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். அவற்றை அலுங்காமல் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, ஏறக்குறைய 45 முதல் 60 நாள் நாயும் நண்டும் அண்டாமல் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலுக்கு வரும் மீனவக் குடும்பத்துப் பையனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? டார்ச், வேலி வலை, கொட்டகைக்கு ஓலை என்று கேட்டால் பலர் தருகிறார்கள். சம்பளம் என்றதும் 'நிர்வாகச் செலவா?' என்று முகம் சுளிக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பை 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். பெரிய அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைச் சிறிய குழுவுக்குப் பகிர்வதற்கும் தடை வந்தது. அப்புறம், புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி என்று அறியப்படும், நன்கொடைக்கான வரிச் சலுகையும் இல்லை. ஆகவே உள்ளூர்க்காரர்கள் மாதம் இருநூறு ரூபாய் கொடுத்தாலும் பெரிய உதவிதான். ஒரே தடவை பத்தாயிரம் தருவதைவிட மாதாமாதம் தவறாமல் வருகிற தொகையை நம்பித்தான் காவலுக்கு ஆள் வைக்க முடியும். 'எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள்.